ஒரு ரிங் அடித்தால் நலம்

ரிசீவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வாள். பிறகு மேஜையில் கிடக்கும் துண்டுச் சீட்டை வாய்க்குள்ளேயே ஒரு தடவை படித்துக்கொள்வாள். எழுந்தாச்சா, சாப்பிட்டாச்சா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே. மொத்தம் மூன்றே கேள்விகள். ஐந்து மாதமாக அதையேதான் கேட்டு வந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவாள். இருந்தாலும் சீட்டு கண்ணெதிரே இல்லாமல் எண்ணை அழுத்த மாட்டாள். படிக்க வந்திருக்கும் அந்த வெளிநாட்டின் பேச்சு முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவளுக்கு முக்கால்வாசி புரியும். போனில் முகம் கிடையாதே. எதிராளி ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டால் போதும், இவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சமூக மையத்தில், வார நாட்களில் காலை எட்டிலிருந்து ஒன்பது மணி வரை, தனியாகக் குடியிருக்கும் ஏழு பேருக்குப் போன் போட்டு நலம் விசாரிப்பது அவள் வேலை. வேலை என்று யாராவது சொன்னால் பதறிப் போவாள். "வேலைன்னு சொல்லாதீங்க. தொண்டு. சம்பளம் கிடையாது. யார் காதுலயாவது வேற மாதிரி விழுந்தா விசாவுக்குப் பிரச்சினை" என்பாள். சம்பளமில்லாத தொண்டுக்கு மாணவர் விசாவில் தடை உண்டா என்று கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டு, மூன்று தடவையும் இல்லை என்று பதில் வாங்கி, மூன்றையும் அச்செடுத்து வைத்திருந்தாள்.

அறைத்தோழி அவளுக்கு வைத்த பெயர் 'ஒருவேளை'. பெயர் வைத்தவளைக் குற்றம் சொல்ல முடியாது. இவள் வாயைத் திறந்தாலே முதலில் விழும் வார்த்தை அதுதான். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, "ஒருவேளை அடுப்பை அணைக்காம வந்துட்டேனோ" என்று மூன்று மாடி திரும்ப ஏறுவாள். நூலகத்துப் புத்தகத்தைத் தவணைக்கு மூன்று நாள் முன்னதாகவே பெட்டியில் போடுவாள். போடும்போது ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்வாள். "ஒருவேளை திருப்பித் தரலன்னு சொல்லிட்டாங்கன்னா? ஆதாரம் வேணாமா?" கொட்டுகிற மழையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டிகூட இல்லாத சாலையில், பச்சை விளக்குக்காகத் தன்னந்தனியாக நின்றுகொண்டிருப்பாள். தபால் பெட்டியில் பழுப்பு உறை வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் பிரிப்பாள். முக்கால்வாசி நாள் அது தரைவிரிப்பு துவைத்துத் தருகிறோம் என்கிற விளம்பரமாக இருக்கும்.

பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவள் இடத்தில் நின்று பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வராது. அந்தக் குடும்பத்தில் கடல் தாண்டி வந்த முதல் ஆள் அவள். விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே அண்ணன், "எதையாவது கெடுத்துக்கிட்டுப் பாதியில வந்து நிக்காதே தாயே" என்று விளையாட்டாகச் சொன்னான். சொன்னவன் அதை அன்றைக்கே மறந்திருப்பான். கேட்டவள்தான் அதையும் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏதோ ஒரு காகிதத்தில், எங்கோ ஒரு கட்டத்தில், தெரியாமல் தப்பாக ஒன்றை எழுதிவிட்டு, அதற்காகத் திருப்பி அனுப்பப்படுவோம் என்பதுதான் அவளுடைய பயங்களுக்கெல்லாம் தாய்ப் பயம்.

போன் என்றாலே நடுங்குகிறவள் போன் மேஜையில் எப்படி வந்து உட்கார்ந்தாள் என்று கேட்கலாம். அறைத்தோழிதான் தள்ளிவிட்டாள். "நாள் பூரா ரூமுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தா பூஞ்சை பிடிச்சுடும்டி. போய் நாலு மனுஷங்ககிட்ட பேசு." இவள் மையத்துக்குப் போய் நாற்காலி அடுக்கும் வேலையைத்தான் கேட்டாள். அதற்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. காலியாக இருந்தது போன் மேஜை ஒன்றுதான்.

மையத்தின் பொறுப்பாளர் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். தெருவில் நடந்தாலும் வார்டில் நடக்கிற நடைதான். முதல் நாளே மூன்று விஷயங்களை விரல் மடக்கிச் சொன்னார். "உன் சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதே. யார் வீட்டுக்கும் தனியா போகாதே. அவங்க குரலை உன் காதால கேட்டாத்தான் டிக் போடணும். கேட்கலன்னா எங்கிட்ட வந்து சொல்லு, நான் பார்த்துக்கறேன்." பருவத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் கல்லூரிக்கு ஒரு கடிதம் போகும் என்றும் போகிற போக்கில் சொன்னார். மற்ற மூன்றைவிட இதுதான் அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். பயப்படுகிறவர்களுக்குக் காது கூர்மை. "மூச்சு வாங்குதே, மாடி ஏறினீங்களா?" என்பாள். "நேத்து இருமல் இல்லையே?" என்பாள். ஓய்வு பெற்ற தையல் டீச்சருக்குக் காய்ச்சல் வரப்போவதை, அந்த அம்மாளுக்கே தெரிவதற்கு முன்னால் குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு தையல் டீச்சர் மையத்துக்குப் போன் போட்டு, "அந்தப் பயந்த பொண்ணையே எனக்குப் போடுங்க, வேற யாரும் வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

வம்பு வந்தது பட்டியலில் நாலாவது ஆளிடம். அவர் பஸ் டிரைவராக இருந்தவர். துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையும் சமையலறையுமாகக் குடியிருந்தார். போன் பேசுவது அவருக்கு வேப்பங்காய். இவள் சீட்டைப் பார்த்து மூன்று கேள்விகளைப் படித்து முடிப்பதற்குள், "இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். பாதி நாள் அதுகூடச் சரியாகக் காதில் விழாது. இவள் பயந்துபோய் மறுபடியும் கூப்பிடுவாள். அவர் மறுபடியும் எரிந்து விழுவார்.

"தினமும் நீயும் அதையே கேட்கிறே, நானும் அதையே சொல்றேன். உசுரோட இருக்கேன்னு சொல்ல வேற வழியே இல்லையாம்மா?" என்று ஒரு நாள் சலித்துக்கொண்டார்.

அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். எதையும் ஏழு தடவை யோசிக்கிறவள் அன்றைக்கு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. "எங்க வீட்ல ஒரு வழி இருக்கு சார். யாராவது ஊருக்குப் போனா, போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாங்க. ஒரு ரிங் அடிச்சுட்டு வச்சுடணும். நல்லபடியா வந்துட்டேன்னு அர்த்தம். யாரும் எடுக்க மாட்டோம்."

மறுமுனையில் அவர் முதன்முதலாகச் சிரித்தார். "பேசவே வேணாமா? இது நல்லா இருக்கே. கண்டக்டர் மணி அடிக்கிற மாதிரி. காலையில எட்டு மணிக்கு ஒரு ரிங் அடிச்சா ஐயா நலம். சரி, உன் நம்பரைச் சொல்லு."

அவள் நம்பரைச் சொன்னாள். அவருக்குப் பேச்சு மிச்சம், இவளுக்கு நடுக்கம் மிச்சம். இரண்டு பேருக்குமே அது சௌகரியமாகப் போய்விட்டது. ஓய்வு பெற்றாலும் டிரைவர் டிரைவர்தானே. எட்டு என்றால் எட்டு. மேஜையில் இவளுடைய போன் ஒரு முறை ஒலித்து நிற்கும். இவள் படிவத்தில் 'பேசியாச்சு, நலம்' என்கிற கட்டத்தில் டிக் போட்டு நேரத்தையும் எழுதுவாள். முதல் டிக் போடும்போது பொறுப்பாளர் கவனிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். பத்தாவதில் பார்க்கவில்லை. ஆறு வாரத்தில் முப்பது டிக் ஆகிவிட்டது, அவர் குரலை ஒரு தடவைகூடக் கேட்காமலே.

அந்த வியாழக்கிழமை எட்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. எட்டு ஐந்துக்கும் இல்லை. தையல் டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தபோதே அவள் கண் போன் மேலேயே இருந்தது. எட்டுப் பத்து. ஒருவேளை தூங்கிவிட்டாரோ. ஒருவேளை சார்ஜ் இல்லையோ. எட்டேகாலுக்கு அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், பிறகு எழுந்தாள். எட்டு இருபதுக்குப் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. திரையில் அவர் எண். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிக் போட்டு, 8.20 என்று எழுதிவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினாள்.

ஏழாவது ஆளிடம் பேசி முடித்தபோது மணி எட்டே முக்கால். அப்போதுதான் அது அவளைப் பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம் தாமதம். முப்பது வருடம் மணி பார்த்து வண்டி எடுத்தவர், ஒரு நாளும் ஒரு நிமிடம் பிந்தாதவர். அந்த ரிங்கும் முழு ரிங் இல்லை, பாதியில் அறுந்தது. நலம் என்று சொல்ல ஒரு ரிங் அடித்து வைத்துவிடலாம். உதவிக்குக் கூப்பிட முயன்று, கையில் தெம்பில்லாமல் போன் நழுவி இணைப்பு அறுந்தாலும் ஒரு ரிங்தான் அடிக்கும். உலகத்தில் நடக்கக்கூடிய எல்லா 'ஒருவேளை'களையும் யோசித்து வைத்திருந்தவள் இந்த ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தாள்.

மையத்துப் போனிலிருந்து கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தன் போனிலிருந்து கூப்பிட்டாள். அதே கதை. ஒருவேளை குளிக்கிறாரோ என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பயத்தில் சொன்னதுதான். அவளே அதை நம்பவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொன்னால், எட்டு இருபதுக்குப் பேசினாயே என்று கேட்பார். பேசவில்லை என்றால், அப்புறம் ஏன் டிக் என்பார். ஒரு டிக்கை இழுத்தால் முப்பதும் வரும். பருவக் கடிதம் கல்லூரிக்குப் போகும், கல்லூரியிலிருந்து எங்கெங்கோ போகும். சொல்லாமல் போனால் எதுவும் இல்லை. படிவம் சரியாக இருக்கிறது. ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். அவள் பையைத் தோளில் மாட்டியும்விட்டாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பையோடுதான் தடுப்பைத் தாண்டிப் போனாள். "மேடம், பஸ் டிரைவர் சார் போன் எடுக்கல."

பொறுப்பாளர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "எட்டு இருபதுக்குப் பேசியாச்சுன்னு போட்டிருக்கியே."

"ஆமா மேடம். அப்புறமா... மறுபடி கூப்பிட்டேன். எடுக்கல."

பாதி உண்மைதான் அவளால் முடிந்தது. நர்ஸாக இருந்தவர் அதற்கு மேல் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அலமாரியைத் திறந்து, டிரைவர் பெயர் எழுதிய உறையிலிருந்து, அவர் மையத்தில் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்தார். "நீயும் வா. ரெண்டு பேரா போகணும்." படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வெளுக்கும் கடையின் பக்கவாட்டில் இரும்புப் படி. கதவைத் திறந்ததும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சமையலறைக் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொட்டிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். சட்டையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டாத தூரத்தில், அலமாரிக்கு அடியில், அவருடைய போன் கிடந்தது.

பொறுப்பாளர் குழாயை மூடினார். மண்டியிட்டு நாடியைப் பிடித்தபடியே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். "வலது கையைத் தூக்குங்க பார்க்கலாம்" என்றார். கை அசையவில்லை. அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஆறு வாரமாக நலமாக இருக்கிறார் என்று அவள் எழுதி வந்த மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். ஒல்லியான ஆள். குரலை வைத்து அவள் பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மூத்தவர் அட்டையில் செருகிய காகிதத்தோடு நிமிர்ந்தார். "கடைசியா இவர் நல்லா பேசினதை யார் கேட்டது? எத்தனை மணிக்கு?"

பொறுப்பாளர் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். "எட்டு இருபது. எங்க பொண்ணு பேசியிருக்கா. அப்ப நலமாத்தான் இருந்திருக்கார்."

"அப்ப நல்லதா போச்சு. ஒரு மணி நேரம்கூட ஆகல" என்று அவர் எழுத ஆரம்பித்தார். "மூளையில அடைப்பு இருந்தா கரைக்கிற ஊசி போடலாம். நேரம் தாண்டிப் போட்டா அந்த ஊசியே ஆளைக் கொன்னுடும். அதுக்குத்தான் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம்." பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். "நீங்கதானே பேசினது? எட்டு இருபதுக்குக் குரல் தெளிவா இருந்துச்சா?"

அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. நாக்கு தடித்துப்போய், எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு எல்லாம் புரிந்தது. "பேசுச்சு... தினம் பேசும்... நல்ல பொண்ணு." சொல்லிவிட்டு, சரியாக இருந்த இடது கண்ணால் அவளையே பார்த்தார். அவளைக் காப்பாற்றுகிறாராம். இவ்வளவு நேரம் ஈரத் தரையில் கிடந்த மனிதர், தன் உயிருக்கு உலை வைக்கிற பொய்யை அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரி, எட்டு இருபது" என்றார் மூத்தவர்.

"இல்ல" என்றாள் அவள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நான் பேசல. ஒரு ரிங் வந்துச்சு, அவ்வளவுதான். ஒரு ரிங் அடிச்சா நல்லா இருக்கார்னு நாங்க பேசி வச்சிருந்தோம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். குரலைக் கேட்காமலே டிக் போட்டேன்." கையை மார்போடு கட்டிக்கொண்டு மேலே சொன்னாள். "நேத்தும் பேசல. இந்த ஆறு வாரமா ஒரு நாளும் பேசல. அந்த ரிங் இவர் விழுந்ததுக்கு அப்புறம் அடிச்சதா இருக்கும். எட்டு இருபதுன்னு எழுதாதீங்க."

முப்பது வருடம் வார்டைப் பார்த்த பொறுப்பாளரின் முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. அவர் படியில் இறங்கிப் போய்த் வெளுக்கும் கடைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றபடியே அந்தப் பெண் சொன்னாள்: "நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சட்டை கொடுக்க வந்தாரு. கிண்டல் பண்ணிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் நான் பார்க்கல."

மூத்தவர் 8.20-ஐ அடித்துவிட்டு, நேற்று மாலை ஐந்து என்று எழுதினார். நேற்று மாலைக்கும் இப்போதைக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும். "அப்ப ஊசி போட மாட்டாங்களா?" என்று கேட்டாள். தான் சொன்ன உண்மையாலேயே அவருக்கு வைத்தியம் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

"தலையைப் படம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் சொல்வாங்க. எங்கிட்ட கேட்காதீங்க" என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. இளையவர் ஸ்ட்ரெச்சரை விரித்தார். டிரைவரைத் தூக்கிக் கட்டினார்கள். அவர் இடது கண் இன்னமும் அவள் மேல்தான் இருந்தது. கோபமா, வருத்தமா, அவளுக்குத் தெரியவில்லை.

"நேரத்தை மாத்தி எழுதியிருக்கேன். சொன்னவங்க யாருன்னு இதுல இருக்கணும். பின்னால விசாரிப்பாங்க" என்று மூத்தவர் அட்டையை நீட்டினார். நீட்டியது பொறுப்பாளரிடம்.

பொறுப்பாளர் கையை நீட்டுவதற்குள் அவள் அதை வாங்கிக்கொண்டாள். சுவரில் அட்டையை அழுத்திப் பிடித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி தன் முழுப்பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். அதற்குக் கீழே, யாரும் கேட்காத கல்லூரிப் பதிவு எண்ணையும் எழுதினாள். ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.